யாரிடமும் கேட்காமல்

பறையை நானாகவே கற்றுக்கொண்டேன் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். குரு கிடையாது, வகுப்பு கிடையாது, கைபேசியும் இரண்டு குச்சிகளும்தான் என்று சொல்லும்போது கேட்டவர்கள் வியந்தார்கள். அந்த வியப்பை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். எனக்கு ஏன் குரு இல்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போது உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பறை அடித்த ஒருவர் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். அவருடைய தெருவுக்குப் போய் அவர் முன்னால் மாணவனாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சாதி வேறு, என் சாதி வேறு. காரணம் அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் கண்மாயை நம்பி விவசாயம் செய்யும் ஒரு கிராமம். கண்மாய்க் கரைக்கு இந்தப் பக்கம் ஊர்த்தெரு, அந்தப் பக்கம் காலனி. நான் ஊர்த்தெருவில், நிலம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவன். 2020இல் ஊரடங்கு வந்து அலுவலகம் மூடப்பட்டதும் மடிக்கணினியோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். மாலை நேரங்கள் காலியாகக் கிடந்தன. மொட்டை மாடியில் நின்று எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியபோது மனதில் முதலில் வந்தது பறைதான். சிறு வயதிலிருந்தே அந்தச் சத்தம் என்னை இழுத்தது. திருவிழாவில் சாமி புறப்படும்போது பறை செட்டுக்குப் பின்னாலேயே போவேன். யாராவது பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவார்கள். அந்த ஆசை உண்மையானது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆசை உண்மையாக இருந்ததால்தான் அதற்குப் பக்கத்திலேயே இருந்த மற்றொன்றை இத்தனை காலம் பார்க்காமல் இருக்க முடிந்தது.

முதலில் கருவி. பறையின் அமைப்பு எளியது. பெரும்பாலும் வேப்ப மரத்தில், வில்லாக வளைத்து அறுத்த மூன்று துண்டுகளை இரும்புத் தகடுகளால் பிணைத்து வட்டச் சட்டம் ஆக்குகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மாட்டுத் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். குறுக்களவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். அடிப்பதற்கு முன் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். தோலில் உள்ள ஈரம் போனால்தான் அது விறைத்துக் குரல் எழும்பும். நான் வாங்கியது இப்படிப்பட்டதில்லை. இரும்பு வளையத்தில் ஃபைபர் முகம் பொருத்தி, திருகாணியால் முறுக்கிக்கொள்ளும் பறை. மழைக்கும் பயணத்துக்கும் வசதி என்று பல கலைக்குழுக்கள் அதைத்தான் வைத்திருக்கின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை. நானும் அந்த வசதியைத்தான் காரணமாகச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. மாட்டுத் தோல் வீட்டுக்குள் வருவதை அம்மா ஏற்கமாட்டார் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்கக்கூட இல்லை. ஏற்காத மனம் என்னிடமே இருந்தது, அதை அம்மாவின் பெயரில் எழுதி வைத்தேன். எங்கள் உறவினர் வீடு ஒன்றில் மிருதங்கம் பூசை அறைக்குள்ளேயே இருக்கிறது. அதன் முகங்களிலும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும்தான் இருக்கின்றன. அந்த வீட்டுக்கு நூறு முறை போயிருந்தாலும் ஒரு முறைகூட எனக்கு அது உறுத்தவில்லை.

கற்க ஆரம்பித்தேன். பறை இடது தோளில் பட்டையோடு தொங்கும். இடது கை சட்டத்தின் மேல் படிந்து கருவியை உடம்போடு அணைத்துக்கொள்ளும். அந்தக் கையில் நீண்டு மெலிந்த மூங்கில் குச்சி, சிண்டுக்குச்சி என்பார்கள். வலது கையில் குட்டையாக, தடிமனாக அடிக்குச்சி. அடிக்குச்சி மட்டும் விழுவது, சிண்டுக்குச்சி மட்டும் விழுவது, இரண்டும் சேர்ந்து விழுவது, இந்த மூன்றிலிருந்துதான் அத்தனை அடிகளும் பிறக்கின்றன. கேட்கும்போது எளிதாகத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கைபேசியில் பார்த்துப் பழகியவனுக்கு என்ன ஆகும் என்பதை என் கைகளை வைத்தே சொல்கிறேன். திரையில் இருப்பவர் எதிரே நிற்கிறார். அவருடைய இடது என் வலதாகத் தெரிகிறது. சில காணொளிகள் முன்பக்கக் கேமராவில் எடுக்கப்பட்டு ஏற்கனவே திரும்பியிருக்கும். எந்தக் கை எப்போது விழுகிறது என்பதில் தொடக்கத்திலேயே குழம்பினேன். குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளாமல், சத்தம் ஏறத்தாழ அதே மாதிரி வந்தால் போதும் என்று கடந்து போனேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம், குறைத்தேன். ஆனால் தெரிந்த இடம் வந்ததும் என் கை ஓடியது, தெரியாத இடத்தில் தயங்கியது. தாளம் நடுவில் நெளிந்தது. திரையில் இருப்பவருக்கு அது தெரியாது. அவர் தன் போக்கில் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் தெரியவில்லை. தன் தவறு தன் காதுக்குக் கேட்பதற்கே தனியாக ஒரு பயிற்சி வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய இழப்பு கால்களில் நடந்தது. பறை, ஆடிக்கொண்டே அடிக்கும் கருவி. காலடிதான் கணக்கைத் தாங்குகிறது. கை அதன் மேல் விளையாடுகிறது. சேர்ந்து அடிப்பவர்கள் ஒருவர் தோளை மற்றவர் பார்த்து, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கி, வளைந்து திரும்பி வருவார்கள். நான் ஓரிடத்தில் நின்று திரையைப் பார்த்து அடித்தேன். என் கால்கள் மொட்டை மாடித் தளத்தில் அப்படியே இருந்தன. கணக்கு எங்கும் ஊன்றவில்லை. ஃபைபர் பறை எந்த நேரத்திலும் ஒரே குரலில் பேசும் என்பதால் கருவியைக் கேட்கும் பழக்கமும் வரவில்லை. தோல் பறை அடிப்பவர் சூடு தணியத் தணியக் குரல் இறங்குவதைக் கவனிப்பார். மறுபடி தீயருகே போய் நிற்பார். கேட்பதில்தான் அவருடைய பாடம் தொடங்குகிறது. அந்தப் பாடத்தை நான் தாண்டிக் குதித்துவிட்டேன்.

கண்மாயில் தண்ணீர் இருக்கும் காலத்தில் மாலைச் சத்தம் அக்கரைக்கு நன்றாகவே கேட்கும். அங்கே இருந்த அந்தப் பெரியவருக்கும் கேட்டிருக்கிறது. ஒரு நாள் காலையில் அவரை டீக்கடையில் பார்த்தேன். நான் பெஞ்சில் எங்கள் தெருக்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே நின்று குடித்துக்கொண்டிருந்தார். உட்காரக் கூடாது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொல்வதில்லை. டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, தப்பா நெனச்சுக்கிராதீங்க. சாயந்தரம் நீங்க அடிக்கிறது கேக்குது. எடது கைக் குச்சி முந்துது. வலது கை விழுந்த பெறகு அது வரணும். மத்தபடி கை நல்லாத்தான் இருக்கு.”

கைபேசி எனக்குச் சொல்லாததை அவர் கண்ணால் பார்க்காமலே, காற்றில் வந்த சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட்டார். என் வாழ்வில் எனக்குக் கிடைத்த முதல் பறைப் பாடம் அதுதான். நான் செய்தது இது: “ம்” என்றேன். “பாக்குறேன்” என்றேன். முகத்தைத் திருப்பிப் பக்கத்தில் இருந்தவரிடம் வேறு பேச்சு எடுத்தேன். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில், என் தாத்தா வயதுள்ள அவரை, எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் பேர் சொல்லி ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். படித்து வெளியூர் போன பிறகு அது தவறு என்று தெரிந்தது. ஐயா என்று அழைத்திருக்கலாம். தெருக்காரர்கள் நான்கு பேர் முன்னிலையில் அந்தச் சொல் வாயிலிருந்து வரவில்லை. பழைய முறையில் கூப்பிடவும் கூச்சம், புதிய முறையில் கூப்பிடவும் கூச்சம். இரண்டிலிருந்தும் தப்பிக்க அவரை எப்படியும் கூப்பிடாமலே இருந்துவிட்டேன்.

அன்று மாலை மொட்டை மாடிக்குப் போனேன். அவர் சொன்னபடி அடித்துப் பார்க்கவில்லை. சத்தம் அக்கரைக்குப் போகாதபடி பறையின் முகத்தில் துண்டைக் கட்டி அடித்தேன். நான் செய்தவற்றில் என்னை இன்றும் தூங்கவிடாதது இதுதான். திருத்தம் கிடைத்தது, திருத்தியவர் காதில் மறுபடி விழக்கூடாது என்று கருவியின் வாயை அடைத்தேன். இடது கை முந்திக்கொண்டே இருந்தது.

அடுத்து வந்தது மேடை. அலுவலகம் திறந்ததும் சென்னைக்குத் திரும்பினேன். பொங்கல் விழாவில் பறை அடிக்கிறாயா என்று கேட்டார்கள். அடித்தேன். அடிப்பதற்கு முன் பேசினேன். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் தொல்காப்பியம் சேர்த்திருக்கிறது என்றேன். ஆதித் தமிழரின் இசை, விடுதலையின் குரல் என்றேன். கைதட்டினார்கள். எவரிடம் கற்றீர்கள் என்று நிகழ்ச்சியைத் தொகுத்தவர் கேட்டார். “நானாகவே” என்றேன். மறுபடியும் கைதட்டினார்கள்.

அந்தப் பேச்சில் சங்க காலம் இருந்தது. எங்கள் ஊரின் கடந்த நூறு வருடம் இல்லை. அந்த நூறு வருடத்தில் பறை என்னவாக இருந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் அக்கரைக்குத்தான் ஆள் போகும். நடு இரவானாலும் அவர்கள் வர வேண்டும். பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். உறவூர்களுக்கு இழவு சொல்லப் போக வேண்டும். ஊர் அறிவிப்புக்குத் தண்டோரா போட வேண்டும். அறுவடையில் களத்து நெல் கொஞ்சம் கூலியாகக் கிடைக்கும். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அதில் இல்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் 1980களிலும் 90களிலும் தலித் இளைஞர்கள் இனி இழவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள். அதற்காக அடிபட்டவர்கள் உண்டு, வேலை மறுக்கப்பட்டவர்கள் உண்டு. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதே 2022இல்தான்.

இளைஞர்கள் பறையைக் கீழே வைத்த அதே காலத்தில் வேறு சிலர் அந்தக் கருவியைக் கட்டாயத்திலிருந்து பிரித்துக் கலையாகக் கையில் எடுத்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். பெண்கள் தொடாத கருவி என்றிருந்த வழக்கம் அவர்கள் கையில் உடைந்தது. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்தப் பெயர்கள் எல்லாம் எனக்குப் பெருமையைத் தந்தன. என் மேடைப் பேச்சில் அவற்றையும் சேர்த்துக்கொண்டேன். பேர் பெற்றவர்களை மதிப்பது எனக்கு எளிதாக இருந்தது. அவர்கள் தொலைவில் இருந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் எங்கள் ஊர்க் கண்மாய் இல்லை.

பறையைப் போற்றுகிறவனாக ஊர் ஊராக அறியப்பட்டு, பறை அடிப்பவரிடம் ஒரு சொல் கேட்காதவனாக வாழ முடிந்தது. ‘நானாகவே கற்றேன்’ என்ற பேச்சு அதற்கு எனக்குத் துணை நின்றது. ஒருவரிடம் கற்றால் அவருக்குக் கடன்பட வேண்டும். அவர் சொன்னால் நிறுத்த வேண்டும், மறுபடி அடி என்றால் அடிக்க வேண்டும். மற்றவர் முன்னால் அவரைக் கைகாட்டி இவர்தான் என் ஆசான் என்று சொல்ல வேண்டும். இந்தக் கடன் எதுவும் இல்லாமல் கலை மட்டும் வேண்டும் என்று நினைத்தேன். பல தலைமுறையாக எங்கள் தெரு அக்கரையிலிருந்து வாங்கியதும் அப்படித்தான். உழைப்பை எடுத்துக்கொண்டோம், கடன்பட்டதாக ஒப்புக்கொண்டதில்லை. நான் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

என்னை நிறுத்தியது ஒரு பதிவு. பொங்கல் மேடையில் நான் அடித்ததை யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஹெட்போனில் கேட்டேன். இடது கைக் குச்சி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூலிழை முன்னால் விழுந்தது. டீக்கடையில் அவர் சொன்னது சொல் பிசகாமல் அப்படியே இருந்தது. என் கையில் இருந்த பிழையும் என் மனதில் இருந்த பிழையும் ஒரே இடத்தில் சந்தித்ததுபோல் இருந்தது. இனியும் தள்ள முடியாது என்று ஊருக்குப் போனேன்.

அவர் வீட்டு வாசலில் நின்று, “ஐயா, எனக்குக் கத்துக்குடுங்க” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய மகன் வெளியே வந்தான். ஊர் ஆரம்பப் பள்ளியில் என்னோடு படித்தவன். இப்போது மதுரையில் எலெக்ட்ரீசியன் வேலை பார்க்கிறான். கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினான்.

“எங்கப்பாவ அன்னைக்கு நடுராத்திரியில ஆள் விட்டுக் கூப்பிட்டீங்க. முடியாதுன்னு சொல்ல முடியல. இன்னைக்கு ஆசைப்பட்டு வந்து கூப்பிடுறீங்க. இன்னைக்காவது முடியாதுன்னு சொல்லக் கூடாதா?”

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அவன் சொல்றதுல ஞாயம் இருக்கு தம்பி. நான் அடிக்கிறத விட்டு நாளாச்சு” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். டீக்கடையில் நான் நடந்துகொண்டதற்கு என்று சொன்னேன். அவர் அதை நினைவு வைத்திருந்தாரா என்று தெரியவில்லை. “அதெல்லாம் எதுக்கு இப்ப” என்றார். மகன் என்னை வழியனுப்பக் கண்மாய்க் கரை வரை வந்தான். மன்னித்தேன் என்று இருவரும் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு முறை குனிந்து நின்றால் கணக்கு தீர்ந்துவிடும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அவர்கள் அதைத் தீர்த்து வைக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அந்த மறுப்பு அவர்களுடைய உரிமை. அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவது மட்டும்தான் அன்று எனக்கு இருந்த வேலை.

இப்போது எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒரு வகுப்பில் கற்கிறேன். சொல்லித்தருபவர் என்னைவிட வயதில் சின்னவர், தலித் பெண். முதல் வகுப்பில் குச்சியையே தரவில்லை. நடக்கச் சொன்னார். காலால் கணக்கை மிதித்து, வாயால் அடியைச் சொல்லிக்கொண்டு வட்டமாக நடக்க வேண்டும். வாயில் வராதது கையில் நிற்காது என்றார். சுற்றி இருந்த பள்ளிப் பிள்ளைகள் தடையில்லாமல் நடந்தார்கள். நான் தடுமாறினேன். குச்சி கைக்கு வந்ததும் என் இடது கையைப் பார்த்து உடனே சொன்னார், “அது முந்துதுண்ணே.” எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, “சரிங்க ஆசான்” என்றேன்.

பழகிப்போன கையைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். ஒத்தையடியில் தொடங்கி, இடது கையை வலதுக்காகக் காத்திருக்கப் பழக்குகிறேன். மெதுவாக அடிக்கும்போது சரியாக வருகிறது. வேகம் கூடினால் பழைய கை எட்டிப் பார்க்கிறது. தோல் பறை வாங்கியிருக்கிறேன். காய்ச்சும்போது அம்மாவும் அருகில் வந்து உட்கார்கிறார். அவர் மறுப்பார் என்று நான் பயந்தது முழுக்க என்னுடைய கற்பனை. அவர் பெயரில் நான் செய்த அநியாயத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன்.

மேடையில் ‘நானாகவே’ என்று சொன்னதை, விழாவை நடத்தியவர்களுக்கு எழுதித் திருத்தினேன். என் முதல் திருத்தத்தைச் செய்தவர் எங்கள் ஊரில் வாழ்நாள் முழுதும் பறை அடித்தவர், அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை. எழுதியது என் கடமை. பதில் அவர்கள் விருப்பம்.

தானாகக் கற்பதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பக்கத்தில் ஆசான் இல்லாதவர்கள், கட்டணம் கட்ட முடியாதவர்கள், வேலை முடிந்து இரவில்தான் நேரம் கிடைப்பவர்கள் கைபேசியில் பார்த்துக் கற்கட்டும். அவர்களுக்கு என் வணக்கம். என்னைப் போன்ற இடத்தில் பிறந்து, என்னைப் போலவே பறையின் மேல் ஆசைப்பட்டு, இன்று முதல் குச்சியைக் கையில் எடுக்கிறவருக்கு மட்டும் ஒன்று சொல்வேன். கருவி வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் அதை அடிக்கத் தெரிந்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவரிடம் போகாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று உங்களையே கேளுங்கள். தூரம், நேரம், பணம் என்று பதில் வந்தால் கவலையில்லை. பதில் சொல்ல முடியாமல் வாய் தயங்கினால் அங்கேயே நில்லுங்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். போய்க் கேளுங்கள், மறுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லித்தர ஒப்புக்கொண்டால் கூலியை மரியாதையோடு கொடுங்கள், எந்தச் சபையிலும் அவர் பெயரைச் சொல்லுங்கள். இவை ஒன்றையும் செய்யாமல் நான் அடித்ததற்குப் பறை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அது எனக்கு உரியதாக இருக்கவில்லை.